விலை படியும் வரை

ரயில் தண்டவாளத்துக்குக் கிழக்கே, உப்பளத்துக்குப் போகிற வழியில், சங்குக்கூடத் தெரு என்று ஒரு தெரு. அந்தத் தெருவின் கடைசிப் பள்ளத்தில் இருந்த செபஸ்தியம்மாளின் வீடு ஒரு புதன்கிழமை காலையில் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. அன்றைக்கு அவள் சாளை மீன் வாங்கியிருந்தாள். மீன்காரி பனிமயத்தோடு வழக்கம்போல வாசலில் மல்லுக்கு நின்று, வழக்கம்போல பாதி விலைக்கு இறக்கி, மீனை ஆய்ந்து, கழுவின தண்ணீரைத் தெருவில் வீசப் போனவள், தண்ணீர் விழுகிற சத்தம் கொஞ்சம் பிந்திக் கேட்கிறதே என்று குனிந்து பார்த்தாள். நிலைப்படிக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு சாண் வெளிச்சம் ஓடியது. அந்த வெளிச்சத்துக்குள் பக்கத்து வீட்டுச் சேவல் ஒன்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. காம்பவுண்டுச் சுவர் கட்டாவிட்டால் கண்டதும் நுழையத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். புளி கரைக்க வேண்டியிருந்தது.

செபஸ்தியம்மாளுக்குப் பழைய கதவு சன்னல் வியாபாரம். இடிக்கிற வீடு எங்கே இருந்தாலும் முதல் கடப்பாரை விழும்முன் அங்கே போய் நிற்பாள். சின்ன வயதில் துறைமுகத்துக்குப் பின்னால் பழைய ஆணி பொறுக்கி எடைக்குப் போட்டவள் அவள். பள்ளிக்கூடம் அவளுக்கு மாடு விற்கிற மாட்டுத்தாவணிதான். தரகர்கள் கையைத் துண்டால் மூடிக்கொண்டு, வாயைத் திறக்காமல் விரலைப் பிடித்தே விலை பேசுவதை அங்கே ஓரமாக நின்று பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஆனால் வாயைத் திறக்காமல் இருப்பது மட்டும் அவளுக்குக் கைவரவில்லை. கோபம் முதலில் வரும், விலை பிறகு வரும், எதிராளி எதற்குப் பயந்து இறங்கினான் என்பது அவனுக்கே தெரியாது. அப்படிப் பேசிப் பேசித்தான் லாரி வாங்கினாள், தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்துகொண்டிருந்த சவேரிமுத்துவைக் கரைக்கு இழுத்து வந்து கட்டிக்கொண்டாள், கடைசியில் இந்த மனையையும் வாங்கினாள்.

மனை விஷயத்தில்தான் அவள் மனசுக்குள் ஒரு முள் கிடந்தது. மனையை விற்றவர் தெருவின் மேட்டு முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த இசக்கிமுத்து அண்ணாச்சி, தெருச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அவள் கேட்ட விலைக்கு அவர் ஒரு மூச்சில் இறங்கி வந்தார். இறங்கி வந்தவர் திரும்பி நடக்கும்போது லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் முதல் கார்த்திகை மழையில் அவளுக்கு விளங்கியது. தெருத் தண்ணீர் மொத்தமும் அவள் வீட்டைத்தான் தேடி வந்தது. வருஷத்துக்கு வருஷம் சுவரில் ஒரு புதுக் கோடு போட்டுவிட்டுப் போனது. ஒரு வீட்டைத் தேக்குக் கதவு, வேங்கைக் கதவு, பங்களாச் சன்னல், பள்ளிக்கூடச் சன்னல், கப்பலில் இருந்து கழற்றின வட்டச் சன்னல் என்று ஒன்றோடு ஒன்று சேராததையெல்லாம் சேர்த்துக் கட்டி நிமிர்த்தினவள், தண்ணீரிடம் மட்டும் ஒரு விலை பேசி இறக்க முடியாமல், மழை வாசனை அடித்தாலே பல்லைக் கடிக்க ஆரம்பித்தாள்.

கிளிகள் வந்த கதையும் கதவுகள் வந்த கதைதான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பறவை சோடியாகத்தான் விற்கும். சோடி செத்துப்போன ஒத்தையை யாரும் சீந்த மாட்டார்கள். யாரும் சீந்தாத சரக்கைப் பார்த்தால் செபஸ்தியம்மாளுக்குக் கை சும்மா இருக்காது. முதலில் கன்னத்தில் குங்குமம் அப்பின மாதிரி ஒரு சாம்பல் காக்டெயில் கிளி வாங்கினாள். அப்புறம் கண்டதையும் கடிக்கிற ஒரு ஆப்பிரிக்கன் லவ் பேர்ட். அப்புறம் மஞ்சள் தீ மாதிரி ஒரு சன் கனூர், ஒற்றை ஒற்றையாய் வாலில்லாத பட்ஜீஸ் குருவிகள் கொஞ்சம், கடைசியாக, போடுகிற கூச்சலைப் பொறுக்காமல் ஒரு டாக்டர் வீட்டில் தள்ளிவிட்ட, நெஞ்சு முடியைத் தானே பிய்த்துக்கொண்ட நீல மக்காவ். நாட்டுக் கிளியை மட்டும் வாங்கவில்லை, வனத்துறைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போவார்கள். அதுகளாகவே எதிர் வேப்பமரத்தில் வந்து உட்கார்ந்து ஓசியில் வேடிக்கை பார்த்தன.

சந்தைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். ஒரு சாதிப் பறவையோடு இன்னொரு சாதியைப் போடக் கூடாதும்மா, பெருசு சிறுசின் காலை எடுத்துவிடும், சிறுசு பெருசின் விரலைக் கடித்துவிடும், காக்டெயில் உதறுகிற இறகு மாவு மக்காவுக்கு மூச்சைக் கட்டும், தீனியும் வேறு வேறு என்று. டவுன் பஸ்ஸில் யார் யாரோ ஒண்ணாகத்தானே போகிறோம் என்று அவள் திருப்பிக் கேட்டாள். மொட்டை மாடியில், விற்காமல் கிடந்த சன்னல் கிராதிகளையெல்லாம் சேர்த்து வெல்டிங் வைத்து, தகரக் கூரை போட்டு, ஒரு பெரிய கூண்டு எழுப்பினாள்.

முதல் வாரம் ரத்தம்தான். லவ் பேர்ட் காக்டெயிலின் நகத்தை எடுத்தது, மக்காவ் தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்தது, பட்ஜீஸ் மூலையில் ஒடுங்கின. செபஸ்தியம்மாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள். எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தனித்தனிக் கூடையில் போட்டாள், கம்புகளையெல்லாம் பிடுங்கி இடம் மாற்றினாள், யாருக்கும் இது என் பழைய இடம் என்று சொல்ல வாய்ப்பில்லாதபடி எல்லோரையும் ஒரே நேரத்தில் திரும்ப உள்ளே விட்டாள். தலைக்கு ஒரு தீனிச் சட்டி வைத்து, அதற்கு மேலும் சட்டிகளைத் தொங்கவிட்டாள். மக்காவுக்கு நடுவில் வலையடித்து ஒரு அறை, தினையும் கம்பும் ஒரு பக்கம், சூரியகாந்தி விதையும் கொய்யாவும் ஒரு பக்கம். கடைசியில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை, வலைக்கு அந்தப் பக்கமும் போகும்படி, ஒரே ஒரு நீளத் தேக்குக் கம்பு. அந்தக் கம்பில் யார் எங்கே உட்காருவது என்று அதுகள் தங்களுக்குள் எப்படியோ பேசி முடித்தன. வீடு எழும்பின புதன்கிழமை காலை சவேரிமுத்து மாடிக்குப் போய்ப் பார்த்தபோது, எல்லாம் அந்தக் கம்பில் வரிசையாகத் தோளோடு தோள் உட்கார்ந்து, பக்கத்துப் பறவையின் கழுத்தைக் கோதிக்கொண்டிருந்தன.

தெருவுக்கு இது பழக்கமாக ரொம்ப நாள் பிடிக்கவில்லை. காலையில் எழும்பி நிற்கிற வீடு சாயங்காலத்துக்குள் மெல்லக் கொஞ்சம் தணியும், மறுநாள் காலையில் திரும்ப ஒரு சாணுக்கு எழும்பும். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே பால் பாக்கெட்டை நிலைப்படியில் வைக்க வசதியாக இருக்கிறது என்றார். கரண்டு ஆபீஸ்காரர் வந்து அண்ணாந்தும் குனிந்தும் பார்த்துவிட்டு, கம்பியை ரெண்டு சுற்று கூட விட்டுக் கட்டிப் போனார். சாக்கடைக் குழாய்க்கு வளைகிற ரப்பர் குழாய் மாட்டினார்கள். சாமியார் வந்து மந்திரித்தபோது தீர்த்தத்தை வீட்டுக்குள் தெளித்தது போக, மண்டியிட்டு வீட்டுக்கு அடியிலும் ஒரு கை தெளித்தார். நகராட்சியில் இருந்து வந்த இருவர், தரையில் நிற்காத வீட்டுக்கு வீட்டு வரி போடுவதா, இல்லை கீழே கிடப்பதைக் காலிமனை என்று எழுதுவதா என்று தங்களுக்குள் தர்க்கம் பண்ணிக்கொண்டு, செபஸ்தியம்மாள் வாய் திறந்ததும் இரண்டையும் போடாமல் போனார்கள். தெருக் கோழிகள் வீட்டுக்கு அடியில் அடைகாத்தன. அந்த முட்டை யாருக்கு என்று கேள்வி வந்தபோது இசக்கிமுத்து அண்ணாச்சி கடையை விட்டு இறங்கி வந்து, தான் விற்றது மனையைத்தான், மனைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற காற்றை யாருக்கும் விற்கவில்லை என்று பொதுவாக எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"காத்துக்கு வெல சொல்லும் அண்ணாச்சி, பேசுவோம்" என்றாள் செபஸ்தியம்மாள். அவர் தொண்டையைச் செருமிவிட்டு, அப்புறம் பார்ப்போம் என்று மேடேறிப் போனார். அவளோடு விலை பேசுவதை அவர் அந்த மனையோடு நிறுத்தியிருந்தார்.

சவேரிமுத்துவுக்கு மட்டும் ஒரு புது வேலை வந்தது. பேச்சே குறைவான மனுஷன், தோணியில் இருந்தபோது சரக்கு எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று உடம்பாலேயே தெரிந்துகொள்கிறவர். நடுவீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். மேலே லவ் பேர்ட் போய் வலை இடுக்கில் மக்காவின் விரலைக் கடித்தால் வீடு மேற்கே சாயும், உலையில் இருக்கிற சோறு ஒரு பக்கமாகத் தள்ளும், டம்ளரில் தண்ணீர் விளிம்புக்கு வரும், அவர் எழுந்து பீரோவை ஒரு முழம் கிழக்கே தள்ளுவார். வீடு சாய்வதைப் பார்த்ததும் தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, கூண்டில் என்ன தகராறு என்று கேட்டு, மடியில் இருந்த கொய்யாவையோ முருங்கைக் கொழுந்தையோ மேலே எறிந்துவிட்டுப் போனார்கள்.

ஐப்பசி பாதி கழிந்தது. வானம் தெற்கே கறுத்தது. அந்த வருஷ மழை சாதாரண மழையாக இருக்காது என்று ரேடியோவும் சொன்னது, எறும்பும் சொன்னது. தெருச் சங்கம் வேப்பமரத்தடியில் கூடியது. இந்த வீடு ஒரு சாண் எழும்புகிறதே, ஒரு ஆள் உயரம் எழும்பினால் தெருவே மழைக்கு அதில் ஏறிக்கொள்ளலாமே என்று யோசனை வந்தது. வீடு எழும்பின நேரத்தில் மேலே போய்ப் பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்தது ஒன்றைத்தான்: கிளிகள் வரிசையாக உட்கார்ந்து கழுத்துக் கோதிக்கொண்டிருந்தன. ஒற்றுமைதான் வீட்டைத் தூக்குகிறது, அதுகளுக்கு இன்னும் அமைதி கொடுத்தால் இன்னும் தூக்கும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அமைதிக்கு இடைஞ்சல் எது என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் பதில் சொல்லப் பயந்து அண்ணாந்து வேப்பமரத்தைப் பார்த்தார்கள். இசக்கிமுத்து அண்ணாச்சிதான் தைரியமாகச் செபஸ்தியம்மாளின் வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, கோவப்படாம கேளு. கிளிக்கு இடைஞ்சலே உன் தொண்டைதாம்மா."

அதற்கு அவள் சொன்ன பதில் உப்பளம் வரைக்கும் கேட்டது. அவரையும், அவர் தராசையும், அந்தத் தராசில் உட்கார்ந்த ஈயையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வீடு அவள் காலடியில் இன்னும் விரற்கடை ஏறியதை, கோபத்தில் அவளும் கவனிக்கவில்லை, பயத்தில் அவரும் கவனிக்கவில்லை. ஆனால் அவர் போனபிறகு அவள் உள்ளே வந்து சுவரில் இருந்த தண்ணீர்க் கோடுகளைப் பார்த்தாள். வேலையாட்கள் தூக்கி நிறுத்தின ஒவ்வொரு கதவும் அடியில் ஊறி உப்பியிருந்தது. போன மழையில் தெற்குச் சுவர் ஒரு விரல் உட்கார்ந்ததும் நினைவுக்கு வந்தது. இன்னும் ஒரு பெருந்தண்ணீரை இந்தச் சுவர் தாங்காது என்று சவேரிமுத்து சொல்லியிருந்தார். வாழ்நாளில் முதல் முறையாக, எதிராளி சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்டாள். இனி சத்தம் போடுவதில்லை.

மறுநாள் பனிமயம் கூடையை இறக்கினாள், ஒரு விலை சொன்னாள். செபஸ்தியம்மாள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, முந்தானையை அவிழ்த்து, கேட்டதை எடுத்து நீட்டினாள். பனிமயம் அதை வாங்கவில்லை. கூடையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"ஏன்க்கா, என் மீனு நாறுதுன்னு நெனச்சிட்டீகளா? கேட்டத அப்படியே குடுத்துட்டுப் போறதுக்கு நான் என்ன பிச்சைக்கா வந்தேன்?"

செபஸ்தியம்மாள் காசை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். பனிமயம் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி போனாள். அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

தெரு அமைதியானது. கோயில் ஒலிபெருக்கியை வேறு பக்கம் திருப்பினார்கள், குக்கர் விசிலைத் துணி போட்டு அமுக்கினார்கள், புருஷன் பெண்சாதிச் சண்டையெல்லாம் ரயில் போகிற நேரமாகப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். செபஸ்தியம்மாள் சாடையில் வியாபாரம் பண்ணினாள், நஷ்டப்பட்டாள், விழுங்கின வார்த்தையெல்லாம் நெஞ்சுக்குள் புளித்தது. வீடோ ஏறுவதற்குப் பதிலாக இறங்கியது. ஒரு சாண் நாலு விரல் ஆனது, நாலு விரல் ஒரு விரல் ஆனது, ஒரு திங்கட்கிழமை, மண்ணைக் குழி பறித்து அடைகாத்த கோழி அலறிக்கொண்டு வெளியே ஓடிவர, வீடு பழையபடி பள்ளத்தில் உட்கார்ந்தது. மேலே போய்ப் பார்த்தால் வரிசை குலைந்துகிடந்தது. ஆளுக்கு ஒரு மூலை, முகத்துக்கு முகம் முதுகு. லவ் பேர்ட் பழைய வேலையை ஆரம்பித்திருந்தது, மக்காவ் மிச்சமிருந்த நெஞ்சு முடியையும் பிய்த்துக்கொண்டிருந்தது. அவள் கையைத் துண்டால் மூடிக்கொண்டு வலைக்குள் நீட்டி, மாட்டுத்தாவணியில் பார்த்தபடி விரலாலேயே மக்காவிடம் பேசிப் பார்த்தாள். அது நகத்தை ஒரு கடி கடித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

அப்புறம் மழை வந்தது. வந்தது என்று சொன்னால் போதாது, நின்றால்தானே வருவதற்கு. பகலும் ராத்திரியுமாக ஊற்றி, ஒரு விடிகாலையில் மேற்கே குளம் உடைந்து, சிவப்புத் தண்ணீர் தண்டவாளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் குதித்தது. தெரு முழுக்க மூட்டையும் முடிச்சுமாக, அதே நம்பிக்கையில், செபஸ்தியம்மாள் வீட்டுக்கு வந்தது. மேட்டு முனையையும் தண்ணீர் விட்டுவைக்கவில்லை. இசக்கிமுத்து அண்ணாச்சி தலையில் ஒரு அரிசி மூட்டையோடு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து நிலைப்படியில் நின்றார். அவள் விலகி வழி விட்டாள்.

மாடி நிறைந்தது, நடுவீடு நிறைந்தது, கட்டில் மேல் கட்டிலாகப் போட்டு அதன் மேல் பிள்ளைகளை ஏற்றினார்கள். தண்ணீர் கணுக்காலில் இருந்து முழங்காலுக்கு வந்தது. தெற்குச் சுவருக்குள் ஏதோ பொலபொலவென்று உதிர்கிற சத்தம் கேட்டது. சவேரிமுத்து சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, டம்ளரை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். சத்தம் போடாதீங்க, கிளி மிரளும் என்று அண்ணாச்சி கிசுகிசுத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தகரக் கூரையில் மழை அடிப்பதையும் கூண்டுக்குள் ஒன்றையொன்று கடித்துக்கொள்வதையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தான் பேசிப் பேசிச் சம்பாதித்தது மொத்தமும் வாயை மூடிக்கொண்டு முழுகப்போகிறது என்று செபஸ்தியம்மாள் நினைத்தாள்.

அப்போதுதான் பங்களாச் சன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி மிதந்து வந்தது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் பனிமயம் வந்தாள். கடற்கரையோரத்து அவள் குடிசை காலையிலேயே போய்விட்டது. செபஸ்தியம்மாள் பாதி உடம்பை வெளியே விட்டு அவள் தலைமுடியைப் பிடித்தே உள்ளே இழுத்துப் போட்டாள். கூடவே பெட்டியும் வந்தது. பனிமயம் தரையில் இருந்து எழுந்து, மூக்கில் ஏறின தண்ணீரைச் சிந்தி, பெட்டி மூடியைத் திறந்தாள். ஐஸுக்குள் பாறை மீன்கள் கிடந்தன. சுற்றி இருந்த முகங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு, பசிக்கிற கூட்டத்துக்கு நடுவில், செபஸ்தியம்மாளின் கண்ணைப் பார்த்து ஒரு விலை சொன்னாள்.

அது எந்த மீனுக்கும் எந்தக் காலத்திலும் யாரும் சொல்லாத விலை. அவமானப்பட்ட ஒருத்தி, பழைய கணக்கையெல்லாம் சேர்த்துச் சொன்ன விலை.

செபஸ்தியம்மாள் உதட்டை மடித்துக் கடித்தாள். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் தாயி என்று சாடை காட்டினார். நாள்கணக்காக விழுங்கினதெல்லாம் நெஞ்சில் இருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்து, அங்கே ஒரு கணம் நின்று, உடைந்த குளம் மாதிரியே உடைந்தது.

"ஏளா, நேத்தைய ஐஸ் மீனுக்கு இந்த வெலையா? இந்த வெலைக்கு ஆக்கி ஊட்டியும் விடுவியா?"

"ஊட்டி விடணும்னா அதுக்குத் தனி வெலக்கா."

மேலே மக்காவ் ஒரு அலறல் அலறியது. அதற்குக் கனூர் பதில் சொன்னது. காக்டெயில் கொண்டையை விரித்தது. லவ் பேர்ட் கடித்துக்கொண்டிருந்த விரலை விட்டது. பட்ஜீஸ் மூலையை விட்டுப் பறந்து வந்து நீளக் கம்பில் இறங்கின. ஒன்றுக்கொன்று ஆகாத அத்தனையும் ஒரே பக்கம் திரும்பி, கீழே கேட்கிற அந்த ஒரு தொண்டையை எப்படியாவது அமுக்கிவிட வேண்டும் என்று ஒரே மூச்சாகக் கத்தி, ஒரே மூச்சாகச் சிறகடித்தன. வீடு சேற்றில் இருந்து காலைப் பிடுங்குகிற எருமை மாதிரி ஒரு உறிஞ்சல் சத்தத்தோடு பெயர்ந்தது. வாசல் வழியாகவும் கப்பல் சன்னல் வழியாகவும் தண்ணீர் அருவியாக வெளியே கொட்டியது. தெரு மொத்தமும் செபஸ்தியம்மாளைப் பார்த்தது. யாருக்கும் ஒன்றும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீடு எழும்பின ஒவ்வொரு காலையும் மீன் வாங்கின காலைதான். கத்தி ஓய்ந்தபிறகு அதுகள் கழுத்துக் கோதுவதைத்தான் எல்லோரும் மேலே போய்ப் பார்த்திருந்தார்கள். தினம் நடக்கிற சண்டையை யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள், காக்கை கத்துகிற மாதிரி அது பாட்டுக்கு அது.

அவள் திட்டினாள், பனிமயம் திருப்பித் திட்டினாள். மீனின் செவுளைத் திறந்து காட்டினாள், கண்ணை அமுக்கிக் காட்டினாள், பெட்டியை மூடிக்கொண்டு நான் போறேன் என்று சன்னல் வரைக்கும் போய், கீழே தண்ணீர் ஓடுவதைப் பார்த்துத் திரும்பி வந்தாள். வீடு இடுப்பளவு ஏறியது, வேப்பமரத்தின் முதல் கிளை வரை ஏறியது. சவேரிமுத்து தோணிக் கயிற்றை எடுத்து வாசல் தூணில் கட்டி, மறுமுனையை வேப்பமரத்தில் வீசிச் சுருக்குப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு டம்ளருக்குத் திரும்பினார்.

ஆனால் பேரம் என்றால் அதற்கு ஒரு போக்கு உண்டு. ஒருத்தி இறங்க, ஒருத்தி ஏற, இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. குறையக் குறையச் சத்தமும் குறைந்தது. இன்னும் ஒரு வார்த்தையில் படிந்துவிடும் என்கிற இடம் வந்தபோது, உள்ளங்கை நீட்டி முடிக்கிற அந்த ருசி செபஸ்தியம்மாளின் நாக்கில் ஊறியபோது, தெரு மொத்தத்தின் பாரத்தோடு வீடு ஒரு குலுக்குக் குலுக்கிக் கீழே இறங்கியது. பிள்ளைகள் அழுதன.

"செபஸ்தி" என்றார் சவேரிமுத்து, கலியாணம் கட்டின நாளில் இருந்து அவளுக்கு எதையும் உத்தரவாகச் சொல்லாத மனுஷன். "வெலைய முடிச்சிராத."

முடிக்காத பேரம் என்று அவள் வாழ்க்கையில் ஒன்று கிடையாது. நீட்டின கையை அவள் மடக்கினாள். மடக்கி, கண்ணை மூடி, காலையில் முதலில் கேட்ட விலைக்கும் கீழே ஒரு விலை கேட்டாள். பனிமயம் வாயில் அடித்துக்கொண்டு, முதலில் சொன்னதற்கும் மேலே ஏறினாள். வீடும் ஏறியது.

மீன் கெடுவதற்குள் ஆக்கிவிடலாம் என்றார்கள். அண்ணாச்சியின் மூட்டை அரிசி உலையில் விழுந்தது. மீனை ஆய்ந்துகொண்டே பேசினார்கள், புளி கரைத்துக்கொண்டே பேசினார்கள், எல்லோரும் சாப்பிட்டு முள்ளைச் சன்னலுக்கு வெளியே போட்டபிறகும், வயிற்றுக்குள் போன மீனுக்கு இரண்டு பேரும் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குச் சரக்குத் தீர்ந்தால் கூட்டம் எடுத்துக் கொடுத்தது. முள்ளு ஜாஸ்தி என்று ஒருவர், போன வாரம் சந்தையில் இதைவிட மலிவு என்று ஒருவர். அண்ணாச்சி வாயில் சோற்றோடு, எதற்கும் இரண்டு பக்கமும் பேசினார். பிற்பகலில் இருவருக்கும் தொண்டை கட்டி, மேலே சிறகடிப்பும் தளர்ந்து, வீடு தண்ணீரை முத்தமிட இறங்கியபோது, செபஸ்தியம்மாளின் கண் அண்ணாச்சியின் மேல் விழுந்தது. அவளுக்குள் கிடந்த முள் தானாகப் புரண்டது.

"மீன விடுங்க. அண்ணாச்சி, இந்தப் பள்ளத்துக்கு என்கிட்ட வாங்குனீரே ஒரு வெல, அதப் பேசுவோம்."

முடிந்த பேரத்தை அவள் திறந்தாள். திரும்பி நடந்துகொண்டே சிரித்த சிரிப்பை, முதல் கார்த்திகையை, ஊறின கதவை, ஒவ்வொரு கோட்டையும், வருஷம் வருஷமாகச் சேர்த்து வைத்த வட்டியோடு அவர் முன்னால் கொட்டினாள். கட்டின தொண்டை எங்கே போனதோ தெரியவில்லை. மேலே மக்காவ் தொங்கிக்கொண்டே கத்தியது, வேப்பமர நாட்டுக் கிளிகள்கூட நனைந்த சிறகோடு வந்து கூண்டுக்கு வெளியே ஒட்டிக்கொண்டு கத்தின. வீடு வேப்பமரத்தின் உச்சியைத் தாண்டியது, கரண்டு ஆபீஸ்காரர் கூட விட்ட இரண்டு சுற்றும் தீர்ந்து கம்பி அறுந்தது, தோணிக் கயிறு விறைத்துப் பாடியது. உப்பளமும் தண்டவாளமும் கலங்கரை விளக்கும் அதற்கு அப்பால் கடலும் ஒரே தகடாகத் தெரிந்தன. எல்லோரும் சன்னல்களில் முண்டியடித்தார்கள்; சேராத அந்தச் சன்னல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு வேறு ஊர் தெரிந்தது.

அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் வியாபாரிதான்.

"பள்ளமா?" என்றார். "எங்க தங்கச்சி பள்ளம்? குனிஞ்சு பாரு, எம்புட்டு ஒசரத்துல நிக்கேன்னு. இந்த ஒசரத்துக்கு நான் வாங்குன வெல கொறச்சல்."

அவள் குனிந்து பார்த்தாள். வாய் திறந்தபடியே நின்றது, பிறகு அந்த வாயில் இருந்து, அவளுக்கே தெரியாமல், ஒரு சிரிப்பு வந்தது. வீடு மளமளவென்று சரிய ஆரம்பித்தது. பனிமயம் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். "யக்கா, சிரிக்காதீக. மீனு வெல என்னாச்சு?"

அப்படியே பொழுது இறங்கும் மட்டும் பேசினார்கள். தண்ணீர் உப்பளத்துக்குள் வடிந்து, தெருவின் நடு முதுகு சிவப்பாகத் தெரிந்தபோது, சவேரிமுத்து டம்ளரைக் கீழே எடுத்து வைத்துத் தலையை அசைத்தார். இரண்டு பெண்களுக்கும் குரல் என்று ஒன்றும் மிச்சமில்லை. செபஸ்தியம்மாள் தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவர் கைகளின் மேலும் போட்டாள். துண்டுக்கு அடியில் விரல்கள் ஒன்றையொன்று தேடி, அழுத்தி, மடங்கி, நிமிர்ந்து, நின்றன. சத்தம் இல்லாததால் பேரம் முடிந்தது கிளிகளுக்கு உடனே தெரியவில்லை; நிதானமாகத்தான் அடங்கின, வீடும் அதே நிதானத்தோடு இறங்கியது. டம்ளரில் தண்ணீர் ஆடவில்லை. என்ன விலைக்குப் படிந்தது என்று இன்றுவரை இருவரும் சொல்லவில்லை, எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள்.

கயிற்றைப் பிடித்து எவ்வளவு வசம் பார்த்து இறக்கியும், வீடு பழைய தடத்தில் உட்காரவில்லை. ஒரு முழம் கிழக்கே தள்ளி உட்கார்ந்துவிட்டது. கிழக்கே இருந்தது அண்ணாச்சி விற்காமல் வைத்திருந்த மிச்ச மனை.

மறுநாள் காலை வெயில் வந்தது. தெரு முழுக்கச் சேறு மணத்தது. செபஸ்தியம்மாள் ஊறின கதவுகளைக் கழற்றி வெயிலில் சாய்த்துக்கொண்டிருந்தபோது, இசக்கிமுத்து அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் கால் வைத்துக் கால் எடுத்து வந்து, அந்த ஒரு முழத்தைக் கண்ணாலேயே அளந்து, இதற்கு ஒரு விலை பேசி முடித்துவிடலாமே என்று இழுத்தார். அவருக்குப் பின்னால் தெருவே வந்திருந்தது. ஸ்டூல் கொண்டுவந்தவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். பனிமயம் காலிப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

செபஸ்தியம்மாள் தெற்கே பார்த்தாள். கடலுக்கு மேல் அடுத்த மேகம் கூடிக்கொண்டிருந்தது.

"வெலைய சொல்லும் அண்ணாச்சி" என்றாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. "அவசரம் இல்ல. கார்த்திகையும் மார்கழியும் அப்படியே கெடக்கு."

மொட்டை மாடியில் காக்டெயில் கொண்டையை விரித்துக்கொண்டு, நீளக் கம்பில் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது.